ஸ்கார்ன்பி பேராயரின் நாற்காலி

உறைமீன் கிடங்கில் இரவு வேலை முடித்து காலை ஏழு மணிக்கு நான் ஆலயத்துக்குப் போனபோது, வில்ஃப் பேராயரின் நாற்காலிக்கு மெழுகு தேய்த்துக்கொண்டிருந்தார். எங்கள் ஊர் ஸ்கார்ன்பியின் ஆலயத்தைப் பெருக்கித் துடைத்து, மணியடிக்கும் கோயில்குட்டி அவர். மனைவி இறந்த பிறகு அவர் தினமும் பேசுவது என்னிடம் மட்டும்தான். நானும் தினமும் பேசுவது அவரிடம் மட்டும்தான். அதை நட்பு என்று இருவரும் சொன்னதில்லை. அங்கே குளிர்காய ஒரு மின்கணப்பு இருந்தது; என் அறையில் இல்லை.

ஸ்கார்ன்பிக்கென்று துணைப் பேராயர் பதவி ஒன்று உண்டு. கடைசியாக இருந்தவர் 1937இல் செத்தார். பிறகு யாரையும் போடவில்லை, பதவியை ஒழிக்கவும் இல்லை. 'உறங்குகிறது' என்று ஏட்டில் எழுதி வைத்தார்கள். அந்த உறக்கத்துக்கு முப்பத்தொரு வருடமாகத் தூசி தட்டுகிறார் வில்ஃப்.

அன்று அவரிடம் ஒரு கடிதம் இருந்தது. பதவிக்கு மறுபடி ஆள் போட்டிருந்தார்கள். புதியவர், பேராயர்கள் வழக்கப்படி குடும்பப் பெயரை விட்டு ஊர்ப்பெயரோடு கையெழுத்திட்டிருந்தார்: ஹெலன், ஸ்கார்ன்பி.

"பொம்பளயா?" என்றேன்.

"யாரா இருந்தா என்ன, உக்காந்தா சரி. பாரு, நம்ம ஊருன்னே எழுதிட்டாங்க. பழைய பிஷப் வீட்டுல இருக்கற பல் டாக்டரக் காலி பண்ணச் சொல்லணும்."

"பல்லு வலிச்சா எங்கய்யா போறது?"

"உனக்கு இருக்கறதே நாலு பல்லு."

இறையியல் கல்லூரியிலிருந்து பாதியில் ஓடிவந்தவன் நான். அந்தப் பாதிப் படிப்பே இதைப் புரிந்துகொள்ளப் போதும். பெயர்தான் ஊருடையது, ஆள் நாற்பது மைல் தள்ளி, பேராலய நகரத்தில் இருப்பார். கடிதத்தின் மேல்மூலையில் அந்த முகவரி அச்சாகியிருந்தது. வில்ஃப் கையெழுத்தைத்தான் பார்த்திருந்தார்.

அவர் போட்டுக் கொடுத்த தேநீரைக் குடித்து முடித்துவிட்டுச் சொன்னேன்.

"இங்க குடிவர மாட்டாங்க, வில்ஃப். பேரு மட்டுந்தான்."

கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு மேல்மூலையைப் படித்தார்.

"ஒரு ஞாயித்துக்கிழமைகூடவா?"

"வருசத்துக்கு ஒருக்கா வரலாம்."

"வந்தா உக்காருவாங்கல்ல?"

"இந்தக் குளிருக்கு நின்னுட்டே ஓடிருவாங்க."

அவர் சிரிக்கவில்லை.

மறுநாள் காலை, நாங்கள் உட்காரும் இரண்டு ஸ்டூல்களுக்கும் நடுவே வழக்கமாக இருக்கும் கணப்பு இல்லை. அது பலிபீடத்தருகே, பேராயரின் நாற்காலியைப் பார்த்துச் சிவந்து எரிந்துகொண்டிருந்தது. வில்ஃப் மேல்கோட்டோடு முன்வரிசையில் உட்கார்ந்திருந்தார். மூச்சு புகையாக வந்தது. நானும் தள்ளி உட்கார்ந்தேன். நாற்காலியின் கைப்பிடியில் மெழுகு இளகி மினுங்கத் தொடங்கியிருந்தது.