ஆளுக்கு ஆறு புளியங்கொட்டை

எங்கள் கண்மாயின் நீர்ப்பாய்ச்சி பேயாண்டி 1938இல் மகள் வீட்டோடு பேரையூர் போய்விட்டார். மடையைத் திறந்து, முறை வைத்து வயல்களுக்குத் தண்ணீர் திருப்ப வேறு ஆள் வேண்டும். மூன்று பேர் நின்றோம். முதலாமவர் தலைமடைக்காரர் நல்லகாமன். என் அக்கா ஒச்சாயியின் புருஷன். அடுத்தது மலையாண்டியாகிய நான். என் வயல் கடைமடையில். மூன்று வருஷமாக அங்கே தண்ணீர் எட்டவில்லை. நாலாவது வருஷமும் காய்ந்தால் நிலத்தைப் போட்டுவிட்டு மதுரை மில்லுக்குப் போக வேண்டியதுதான். மூன்றாமவர் கருத்தக்கண்ணன் மாமா. அவர் பகலெல்லாம் தூங்குவதைப் பார்க்கச் சகிக்காமல் அவர் மனைவி செல்லத்தாய் போட்டிக்கு நிறுத்திவிட்டாள்.

போன தடவை கை தூக்கச் சொன்னபோது சில கைகளில் அரிவாளும் இருந்தது. அதனால் சமயநல்லூர் வாத்தியார் சௌந்தரராஜனை அழைத்துவந்தோம். ஒவ்வொருவரும் மூன்று பேரையும் வரிசைப்படுத்தவேண்டும், அதை எண்ண மூன்று வழி இருக்கிறது என்றார். எந்த வழி என்பதை நீங்களே முடிவு செய்யுங்கள் என்று சொல்லிவிட்டு மோர் குடித்தார்.

மொத்த ஓட்டு இருபத்தொன்று. யாருக்கு எத்தனை என்பது ஊருக்கே தெரியும். நல்லகாமனுக்கு ஒன்பது, எனக்கு ஏழு, மாமாவுக்கு ஐந்து. முதலிடத்தை மட்டும் எண்ணுவது முதல் வழி. "இதுதான் நியாயம்" என்றார் நல்லகாமன். மற்ற பன்னிரண்டு பேருக்கும் அதில் நியாயம் தென்படவில்லை.

கடைசியில் இருப்பவரை நீக்கி, அவருடைய ஆட்கள் இரண்டாவதாகச் சொன்னவருக்கு அந்த ஓட்டைச் சேர்ப்பது அடுத்த வழி. மாமாவின் ஐந்து பேரும் என்னைத்தான் இரண்டாவதாகச் சொல்வார்கள். ஏழும் ஐந்தும் பன்னிரண்டு. இதைவிட நேர்மையான முறை உலகத்தில் இல்லை என்று எழுந்து பேசினேன்.

"அப்ப என்னைய மொதல்ல எந்திரிச்சுப் போகச் சொல்லுவ?" என்றார் மாமா. அன்றைக்கு அவர் விழித்திருந்தது என் கெட்ட நேரம்.

"எண்ணிக்கைக்குத்தான் மாமா."

"நாளைக்கு உன் மகளுக்குக் காது குத்தணும்னா யாரு மடியில உக்கார வப்ப?"

அவர் ஊரில் பாதிப் பேருக்கு மாமன், மீதிப் பேருக்கு மச்சான். சபையில் மாமனை முதலில் எழுப்பிவிட்டுப் பிறகு யார் வீட்டில் விசேஷம் நடத்துவது? என் ஏழு பேரே முடியாது என்றுவிட்டார்கள்.

மிஞ்சியது புளியங்கொட்டை வழி. மாட்டுத்தொழுவத்தில் மூன்று சட்டி. ஒவ்வொருவராக உள்ளே போய், பிடித்தவர் சட்டியில் மூன்று கொட்டை, அடுத்தவருக்கு இரண்டு, கடைசி ஆளுக்கு ஒன்று போடவேண்டும். என் ஆட்களிடம் நல்லகாமனைக் கடைசியில் வைக்கச் சொல்லியிருந்தேன். அவரும் தன் ஆட்களிடம் என்னைப் பற்றி அதையேதான் சொல்லியிருந்தார். அவ்வளவு சாமர்த்தியசாலிகள் நாங்கள். இரண்டு பக்கத்து இரண்டாமிடமும் தூங்குகிறவருக்கே! ஓட்டுக்கு முன்பே மனக்கணக்காகக் கூட்டிப் பார்த்தேன். எனக்கு நாற்பது கொட்டை, மாமாவுக்கு நாற்பத்தேழு. நல்லகாமன் பக்கத்தில் நாலு பேர் என்னை இரண்டாவதாக வைத்தால் பிழைப்பேன்.

அக்காவிடம் ஓடினேன். அப்பா சீராகக் கொடுத்த நிலம் அவள் பேரில் இருந்ததால் அவளுக்கும் ஓட்டு உண்டு. அது அந்த ஒன்பதில் ஒன்று.

"நாலு பேரா? உன் மச்சான் காதுல விழுந்தா என் கதை அம்புட்டுத்தான். போடா" என்றாள்.

வாத்தியார் எண்ணினார். மாமாவுக்கு நாற்பத்தாறு, எனக்கு நாற்பத்தொன்று, நல்லகாமனுக்கு முப்பத்தொன்பது. ஊர் மாமாவுக்கு மாலை போட்டது. நான் என் சட்டியையே பார்த்துக்கொண்டு நின்றேன். அதில் என் கணக்கைவிட ஒரு கொட்டை கூடுதலாக இருந்தது. பக்கத்தில் நின்ற நல்லகாமனும் அதைத்தான் பார்த்தார்.

மூன்றாம் நாள் மாமா என் வீட்டுக்கு வந்து மண்வெட்டியைச் சாத்தினார்.

"இடுப்பு பிடிச்சுக்கிருச்சு மாப்ள. பேரு எனக்கு இருக்கட்டும், வேலைய நீ பாரு."

பார்த்தேன். முறைப்படிதான் திருப்பினேன், எனக்கென்று ஒரு நாழிகைகூடக் கூட்டிக்கொள்ளவில்லை. பத்தாம் நாள் என் வயலில் தண்ணீர் ஏறியது. அக்கா வரப்பில் வந்து நின்றாள். தேர்தலன்றிலிருந்து மச்சான் அவளோடு பேசுவதில்லை என்று ஊரில் சொன்னார்கள்.

"நீதானக்கா அந்த ஒண்ணு?"

"எந்த ஒண்ணு? தொழுவம் ஒரே இருட்டு. கை தவறிருக்கும்."

முழங்கால் தண்ணீரில் நின்றபடி அழுதேன். எனக்கு வெட்கமாகக்கூட இல்லை.

"அழுதது போதும்டா. வயலு நெறஞ்சிருச்சு, வாமடைய அடை" என்றாள் அக்கா.