வெளியே வராத சட்டை

கமலக்கண்ணனுக்கு உயரமெல்லாம் இடுப்புக்கு மேலேதான். எந்தச் சட்டையை இன் பண்ணி பெல்ட்டை இறுக்கினாலும், கையைத் தூக்கினால் வெளியே வந்துவிடும். நகரியில் விசைத்தறி ஓட்டும் அவருடைய தம்பிகளுக்கு லுங்கியும் பனியனும் போதும். இவர் மட்டும் திருப்பதிக்கு வந்து, பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் ஒரு லாட்ஜில் ரிசப்ஷனில் சேர்ந்துவிட்டார்.

பல வருஷம் அவர் சட்டையைப் பற்றி யாரும் ஒரு வார்த்தை சொன்னதில்லை. முதலாளியின் மகன் சுதீர் பொறுப்பேற்ற மாதம், தங்கிவிட்டுப் போன யாரோ இணையத்தில் எழுதிப் போட்டார்: அறை சுத்தம், வெந்நீர் வந்தது, சாவி எடுக்கும்போது ரிசப்ஷனிஸ்டின் தொப்புள் தெரிகிறது.

சுதீர் அன்றைக்கெல்லாம் சாப்பிடவில்லை. சாவிப் பலகையைக் கீழே இறக்கி மாட்டலாமே என்று கமலக்கண்ணன் கேட்டார். பலகை தாத்தா காலத்தில் மாட்டியது, வாஸ்து பார்த்து மாட்டியது, சட்டைதான் மாற வேண்டும் என்று சுதீர் சொல்லிவிட்டார்.

கமலக்கண்ணன் சட்டை நுனியை ஜட்டிக்குள் செருகிப் பார்த்தார். ஊக்குப் போட்டுப் பார்த்தார். சென்னையிலிருந்து வந்த ஒரு குடும்பத்துக்கு வணக்கம் சொல்லும்போது ஊக்கு திறந்துகொண்டது. கடைசியில் மொபைலில் தேடி ஒரு சாமானை வரவழைத்தார். நான்கு எலாஸ்டிக் பட்டைகள். ஒரு முனைக் கிளிப்பைச் சட்டையின் அடியிலும் மறுமுனைக் கிளிப்பைச் சாக்ஸிலும் மாட்ட வேண்டும். மேலே பேன்ட் போட்டுவிட்டால் வெளியே ஒன்றும் தெரியாது.

அவர் மாட்டிக்கொண்டு நின்றதை மனைவி தேவசேனா சுற்றி வந்து பார்த்தாள்.

"இன்னாய்யா இது, குதிரைக்குக் கட்டறாப்பல கீது. நிமிந்து நில்லு பாக்கலாம்."

நிமிர முடியவில்லை. அவருடைய சட்டை நுனிக்கும் சாக்ஸுக்கும் நடுவே இருந்த தூரத்துக்குப் பட்டை எட்டவில்லை. முழங்காலை மடக்கி, தோளைக் குறுக்கி, தலையைத் தாழ்த்தி நின்றால்தான் வலிக்காமல் இருந்தது. ஆனால் சட்டை அசையவில்லை. கையை மேலே தூக்கினார், பக்கவாட்டில் வீசினார். ஒரு சுருக்கம்கூட விழவில்லை. அப்படியே வேலைக்குப் போய்விட்டார்.

அன்று காலை அறை கேட்டு வந்த ஒரு முதிய தம்பதி கவுன்டருக்கு முன்னால் அசந்து நின்றார்கள். போன இடத்திலெல்லாம் அவர்களை விரட்டித்தான் பேசியிருக்கிறார்கள். இங்கே ஒரு மனிதர் முழங்கால் மடக்கி, குனிந்து, சாவியை நீட்டுகிறார். அந்த அம்மாளுக்குக் கண் கலங்கிவிட்டது. ஊருக்குப் போனதும் பேரனிடம் சொல்லி இணையத்தில் எழுதவைத்தாள். அடுத்தடுத்து வந்தவர்களும் அதையே எழுதினார்கள். பணிவு என்றால் இந்த லாட்ஜ்தான் என்றார்கள்.

சுதீர் மகிழ்ந்து போனார். சித்தூரில் அவர்களுக்கு ஒரு கல்யாண மண்டபம் உண்டு. ஆகஸ்ட் பதினைந்து கொடியேற்றத்துக்கு அங்கே வந்து, ஊழியர்களுக்கு இந்தப் பணிவைக் கற்றுக்கொடுக்க வேண்டும் என்றார். இது பணிவு இல்லை சார், எலாஸ்டிக் என்று கமலக்கண்ணன் சொல்லிப் பார்த்தார். இப்படித் தன்னைத் தாழ்த்திப் பேசுவதும் பணிவில் சேர்த்திதான் என்று சுதீர் அதையும் மெச்சிக்கொண்டார்.

காரில் போகும்போது புத்தலப்பட்டில் டீ குடிக்க இறங்கினார்கள். கமலக்கண்ணன் டம்ளரை வாங்கிய விதத்தைப் பார்த்து டீக்கடைக்காரரும் குனிந்தார். அவர் நிமிர்ந்து பார்த்தபோது இவர் இன்னும் குனிந்தே இருந்தார். மரியாதைக்கு அவர் மறுபடி குனிந்தார். பால் பொங்கி வழியும் வரை இது நடந்தது.

மண்டபத்தில் கொடியேற்ற வந்தவர் ஹரிபாபு, ஓய்வு பெற்ற ராணுவக்காரர். கொடி ஏறியது, தேசிய கீதம் ஆரம்பித்தது. எல்லோரும் விறைத்து நின்றார்கள். கமலக்கண்ணன் மட்டும் பாதி உட்கார்ந்தபடி நின்றார். ஹரிபாபு சல்யூட்டில் இருந்தபடியே அவர்மேல் கண்ணைத் திருப்பினார். அதற்குமேல் கமலக்கண்ணனால் பொறுக்க முடியவில்லை. இத்தனை பேர் முன்னால் தேசத்தை அவமதித்தவன் என்று பேர் வாங்குவதைவிடச் சாவது மேல் என்று நினைத்து, முழு உயரத்துக்கும் நிமிர்ந்தார்.

சாக்ஸ் இரண்டும் முழங்காலுக்கு ஏறின. காலர் பட்டன் தெறித்தது. பிறகு வலது காலின் பின்பக்கக் கிளிப் சாக்ஸை விட்டுவிட்டு, பேன்ட்டுக்குள்ளேயே மேலே பாய்ந்து தொடையில் அறைந்தது. அடுத்தது, அதற்கடுத்தது, நான்கும். அவர் அசையவில்லை. உதட்டைக் கடித்துக்கொண்டு நின்றார். கண்ணிலிருந்து நீர் தாரை தாரையாக வழிந்தது.

கீதம் முடிந்ததும் ஹரிபாபு நேரே வந்து அவரைக் கட்டிக்கொண்டார். எந்த ரெஜிமென்ட் என்று கேட்டார். சுதீர் மைக்கை எடுத்து வந்து கையில் திணித்தார்.

கமலக்கண்ணன் மைக்கை வாயருகே பிடித்தார். "நான் ராணுவமும் இல்ல, தேசபக்தனும் இல்லீங்க. சட்டை வெளிய வராம இருக்கணும்னு இத்தை மாட்டிக்கினேன். கிளிப்பு தெறிச்சிது. அதான் அழுவறேன்" என்று சொல்லி, பேன்ட்டுக்குள் கையை விட்டுத் தொங்கிய பட்டை ஒன்றை இழுத்துக் காட்டினார்.

ஹரிபாபு பட்டையை வாங்கி, இழுத்து, விட்டுப் பார்த்தார். தன் தொந்தியைத் தாண்டி வெளியே வந்திருந்த சட்டையை ஒரு கையால் உள்ளே தள்ளிக்கொண்டார்.

"எக்கட கொன்னாவு?" என்று தெலுங்கில் கேட்டார்.

எங்கே வாங்கினார் என்பது தெரிந்த அன்று மாலையே சுதீர் எல்லா ஊழியர்களுக்கும் அதே அளவில் ஆர்டர் போட்டார். வாட்ச்மேன், லிஃப்ட்காரர், இட்லி பரிமாறுபவர்கள் எல்லோரும் மாட்டிக்கொண்டார்கள். குட்டையானவர்களுக்குப் பட்டை தொளதொளத்தது. நெட்டையானவர்கள் மடங்கி நடந்தார்கள். சில வாரங்களில் புதிதாக ஓர் அபிப்பிராயம் வந்தது. இந்த லாட்ஜில் வேலை செய்பவர்களுக்கு முதுகு நிமிரவில்லை, பாவம், குடிநீரைச் சோதித்துப் பார்ப்பது நல்லது என்று ஒரு டாக்டர் எழுதியிருந்தார்.

முன்பதிவுகள் ரத்தாயின. சுதீர் பட்டைகளையெல்லாம் ஒரு சாக்கில் கட்டி மாடியில் போட்டுவிட்டு, இனிமேல் இன் பண்ணவே தேவையில்லாதபடி எல்லோரும் வெள்ளை ஜிப்பா போட வேண்டும் என்று உத்தரவு போட்டார். முழங்காலுக்குக் கீழே வரை தொங்கும் ஜிப்பா.

முதல் நாள் அதைப் போட்டுக்கொண்டு கமலக்கண்ணன் கவுன்டரில் முழு உயரத்துக்கும் நின்றார். நாகலாபுரம் பக்கத்திலிருந்து ஒரு குடும்பம் உள்ளே வந்தது. புருஷன் பேர் ரமணா. அவன் அண்ணாந்து பார்த்தான், செருப்பைக் கழற்றினான், மனைவி சுமித்ராவிடமிருந்து கைக்குழந்தையை வாங்கி நீட்டினான்.

"சாமி, பொண்ணு பொறந்து மூணு மாசமாவுது. நீங்களே ஒரு பேரு வெச்சிடுங்க."

தான் சாமி இல்லை என்று சொல்லக் கமலக்கண்ணன் வாயைத் திறந்தார். இதுவரை உண்மையைச் சொல்லி என்ன ஆயிற்று என்று யோசித்தார். குழந்தை அவருடைய ஜிப்பாவைப் பிடித்துக்கொண்டது. நட்சத்திரம் என்ன என்று கேட்டார். அவர்கள் சொன்னார்கள். கொஞ்ச நேரம் கண்ணை மூடியிருந்துவிட்டு, கௌசிகா என்று குழந்தையின் காதில் சொன்னார்.

பிறகு கையை உயர்த்தி, மாடியில் காற்று வரும் அறையாகப் பார்த்து ஒரு சாவியை எடுத்துக் கொடுத்தார்.