மஞ்சத் துணி கட்டின மரம்

நான் கொஞ்சம் வாய்க்காரி. பேக்டரியில சூப்பர்வைசரா இருந்த காலத்துலேர்ந்தே அப்படித்தான். ஆனா தெலுக் பஹாங் மலைமேல இருக்கிற என் காட்டுக்குள்ள கால் வச்சா எனக்குப் பேச்சே வராது. அதுக்காகவே என்னை அங்க கூட்டிட்டுப் போறதா என் மக சாந்தினி கிண்டல் பண்ணுவா.

என் காடுன்னு சொல்றதே கூச்சமா இருக்கு. நிலத்து கிராண்டுப் பத்திரத்துல என் பேர் இருக்கு, அவ்வளவுதான். அந்த மரங்க வெள்ளைக்காரன் வர்றதுக்கு முன்னாலயே அங்க நின்னுக்கிட்டிருக்கு. யாரும் கோடாலி வைக்காத காடு. நடுவுல ஒரு துவாலாங் மரம். அண்ணாந்து பாத்தா கழுத்துதான் வலிக்கும், உச்சி தெரியாது. அதோட வேருக்கு நடுவுல நின்னா ஒரு அறைக்குள்ள நிக்கிற மாதிரி இருக்கும். மழை விட்ட பிறகும் உள்ள ரொம்ப நேரம் சொட்டிக்கிட்டே இருக்கும். ஐயோ, அந்தச் சத்தத்தக் கேட்டா எனக்கு அழுகையா வரும். ஏன்னு கேக்காதீங்க.

ஊர் சும்மா இருக்குமா? காட்ட அழிச்சு டுரியான் பழத்தோட்டம் போடுங்க, பணமா கொட்டும்னு ஆளுக்கொரு புத்தி. நான் மசியல. போன வருஷம் எவனோ திருட்டுத்தனமா வந்து துவாலாங் மேலயே ரம்பத்த வச்சுக் கீறிட்டுப் போயிட்டான். எனக்கு வந்த கோவத்துக்கு என்ன செஞ்சேன் தெரியுமா? மஞ்சத் துணி எடுத்து மரத்தச் சுத்திக் கட்டி, குங்குமத்த அப்பி, எலுமிச்சம்பழ மாலையும் போட்டேன். முனி இருக்குன்னு தெரிஞ்சா எந்தப் பயலும் கிட்ட வரமாட்டான்லா!

திருடன் வரல. பக்தன் வந்துட்டான்.

ஜுருவுல கார் வொர்க்‌ஷாப் வச்சிருக்கிற புவனேஸ்வரன் மலையேற வந்த எடத்துல அதப் பாத்திருக்கான். ஒரு ஞாயித்துக்கிழமை ஆளுங்களோட, மணல் மூட்டை, சிமெண்டு, கடப்பாரை சகிதமா வந்து நின்னான். நல்லவேளை, அன்னிக்கு நானும் சாந்தினியும் அங்க இருந்தோம்.

"அக்கா, சாமி மழையில நனையலாமா? சின்னதா ஒரு மேடை, ஒரு தகரக் கூரை, கீழேர்ந்து வண்டி வர ஒரு ஜாலான். அவ்வளவுதான்"னான். கண்ணுல தண்ணி. நல்ல மனுஷன், அதுதான் பிரச்சினையே.

மேடைன்னா வேர வெட்டணும். ஜாலான்னா, அதான் ரோடு போட்டா, காடே போச்சு. காட்டுக்குள்ள வராத பேச்சு அன்னிக்கு வந்துருச்சு.

"தம்பி, துணியக் கட்டினது நான்தான். திருடன மிரட்டக் கட்டினேன். இங்க சாமியும் இல்ல, பூதமும் இல்ல."

அவன் கையெடுத்துக் கும்பிட்டான். "உங்க கையால கட்டிக்கணும்னு சாமி நெனச்சிருக்குக்கா."

பிள்ளையார் பிடிக்கப் போய்க் குரங்கா முடிஞ்சதுன்னு சொல்வாங்க. நான் குரங்கு பிடிக்கப் போனேன், பிள்ளையாரா முடிஞ்சிருச்சு.

அவன் ஆள் ஒருத்தன் கடப்பாரைய ஓங்கினான். அப்பத்தான் மேல பாய உதறுற மாதிரி ஒரு சத்தம். எங்காங் பறவை, நம்ம பாஷையில இருவாச்சி. அம்மாடி, எவ்வளவு பெரிய அலகு! மரத்துல உயரமா ஒரு பொந்து. அதோட வாய மண்ணு பூசி அடைச்சு, ஒரு கீறல் மட்டும் விட்டிருந்துச்சு. பறவை தொண்டைக்குள்ளேர்ந்து அத்திப்பழத்த ஒண்ணொண்ணா எடுத்து அந்தக் கீறல்ல நீட்டுச்சு. உள்ளேர்ந்து ஒரு அலகு நுனி வந்து வாங்கிக்கிச்சு.

எல்லாரும் வாயப் பொளந்துக்கிட்டு நின்னோம்.

"உள்ள யாருக்கா?" புவனேஸ்வரன் குரல் இறங்கிப் போயிருந்துச்சு.

"அதோட பொண்டாட்டி. முட்டை போட்டு அடைகாக்கத் தன்னத்தானே உள்ள வச்சுப் பூசிக்குவா. குஞ்சு வளர்ற வரைக்கும் இவன்தான் ஊட்டணும்." அதுக்கப்புறம் என் வாய் சும்மா இருக்குமா? "ஏன் தம்பி, பிள்ளைத்தாச்சி இருக்கிற வீட்டுல கடப்பாரை போடுவாங்களா? உன் வீட்டுல போடுவியா?"

போடமாட்டோம். வயித்துப்பிள்ளைக்காரி இருக்கிற வீட்டுல ஆணி அடிக்கக்கூட நம்ம ஆளுங்க யோசிப்பாங்க. அவன் பதறிப்போய்க் கடப்பாரையப் புடுங்கி, சத்தம் வராம இலைமேல படுக்க வச்சான்.

"மன்னிச்சுக்கங்கக்கா. குஞ்சு வெளிய வந்த பிறகு கட்டிக்கலாமா?"

"கட்டலாமே. ஆனா அடுத்த வருஷமும் அவ இதே வீட்டுக்குத்தான் பிரசவத்துக்கு வருவா. அதுக்கடுத்த வருஷமும்."

அவன் பொந்தப் பாத்தான், மணல் மூட்டையப் பாத்தான். பிறகு தானே துணிய அவுத்து, மடிச்சு, கண்ணுல ஒத்திக்கிட்டு என் கையில குடுத்தான். மூட்டைங்க திரும்பவும் தோள்ல ஏறுச்சு. அத்தன ஆம்பளைங்களும் பிரசவ வார்டத் தாண்டிப் போற மாதிரி, செருப்பக் கையில பிடிச்சுக்கிட்டு மலையிறங்கினாங்க. அட்டை கடிச்சும் ஒருத்தனும் வாயத் திறக்கல.

நானும்தான்.