மணல் திட்டில் ஒரு நாள் அதிகாரம்

பெற்ற தாய்க்கு மகளே கல்யாணம் செய்துவைக்க வேண்டி வந்தால் எப்படி இருக்கும்? நத்தேர்சியாவைக் கேட்டால் வயிறு எரியும் என்பாள்.

அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலத்தில் அதற்குப் பாதிரியார்தான் வேண்டும் என்றில்லை. ஆளுநர் அலுவலகத்துக்கு எழுதிப் போட்டு, நன்னடத்தைக்கு ஒருவர் சான்று கொடுத்தால், எந்த மனிதருக்கும் ஒரு நாளைக்குக் கல்யாணம் நடத்திவைக்கும் அதிகாரம் கிடைக்கும். குறிப்பிட்ட ஜோடிக்கு, குறிப்பிட்ட நாளில், குறிப்பிட்ட ஊர் எல்லைக்குள் மட்டும். நத்தேர்சியாவுக்கு வந்த அனுமதித் தாளில் இருந்த ஊர் ஹாலெட்.

"உனக்கு நன்னடத்தையா? எந்தப் புண்ணியவான்டி எழுதிக் கொடுத்தான்?" என்று சிரித்தாள் அம்மா ஒடீலியா.

"கிண்டல் பண்ணாத. வேற ஆளே கிடைக்கலையா உனக்கு?"

"உன் வாயால கணவன் மனைவின்னு சொன்னாத்தான்டி எனக்கு நிம்மதி. இல்லாட்டி உன்னை ஏமாத்திட்டு ஓடிப்போற மாதிரி இருக்கும்."

ஓடித்தான் போகிறாள். கல்யாணம் முடிந்ததும் மாப்பிள்ளை ஜெர்வாசியோ அவளை அட்லாண்டிக் நடுவே, தான் பிறந்த அசோர்ஸ் தீவுக்கே கூட்டிப் போகிறார். அப்பா இறந்ததிலிருந்து தாயும் மகளும் ஒரே வீட்டில், ஒரே அடுப்புக்குச் சண்டை போட்டுக்கொண்டு வாழ்ந்தவர்கள். இனி அந்த அடுப்பு முழுவதும் நத்தேர்சியாவுக்குத்தான். யாருக்கு வேண்டும் அது?

விரிகுடாவின் நடுவே, கடல் வற்றும்போது மட்டும் தலைகாட்டும் மணல் திட்டு ஒன்று உண்டு. ஒடீலியாவும் ஜெர்வாசியோவும் மட்டிச் சிப்பி தோண்டப் போய்ப் பழகியது அங்கேதான். கல்யாணமும் அங்கேதான் என்று பிடிவாதம். சாட்சிகூடச் சட்டத்துக்குத் தேவையில்லை என்பதால் மூன்று பேர் மட்டும் படகில் போய் இறங்கினார்கள்.

ஒரே பனிமூட்டம். வானம் எது, தண்ணீர் எது என்று தெரியவில்லை. படகுகளுக்கு வழிகாட்டும் மிதவை மணியின் ஓசை எல்லாத் திசையிலிருந்தும் ஒரே நேரத்தில் வந்தது. அம்மா நீல கவுனைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு வெறுங்காலோடு நின்றாள். முகம் சின்னப் பெண்ணின் முகமாகிவிட்டிருந்தது. இதெல்லாம் கனவாக இருக்கக்கூடாதா என்று நத்தேர்சியா ஏங்கினாள்.

"ஆரம்பிம்மா. பயமா இருக்கு எனக்கு," என்றார் ஜெர்வாசியோ.

அப்போது பனி சற்றே விலகி, ஒரு சிவப்புக் கட்டை தெரிந்தது. மட்டி தோண்டும் உரிமம் ஊருக்கு ஊர் வேறு என்பதால் திட்டின் குறுக்கே நட்டுவைத்த எல்லைக் கட்டை. அந்தந்தப் பக்கத்தில் அந்தந்த ஊரின் பெயர். அவர்கள் நின்ற பக்கத்தில் 'பிரிஸ்கம்' என்றிருந்தது; ஹாலெட் கட்டைக்கு அந்தப் பக்கம். பனி மறுபடி மூடிக்கொண்டது.

நத்தேர்சியாவுக்குப் பகீரென்றது. பிரிஸ்கமில் நின்று அவள் சொல்வது வெறும் பேச்சு. அந்தத் தாள் இங்கே செல்லாது. சொல்லிவிட்டு, சில மாதம் கழித்து, "ஐயோ அம்மா, அது கல்யாணமே இல்லை," என்று ஒரு போன் போட்டால் போதும். மணமாகாமல் ஓர் ஆணோடு இருக்கிற பெண்ணா ஒடீலியா? அடுத்த விமானத்தில் வந்து நிற்பாள். பாழாய்ப்போன மனசு கணக்குப் போடத்தான் செய்தது.

நத்தேர்சியா தாளைப் பிரித்தாள். மறுபடி மடித்தாள். தண்ணீர் மெல்ல ஏறத் தொடங்கியிருந்தது.

"இங்க வேண்டாம்," என்றாள் கடைசியில், எரிச்சலோடு. "இது பிரிஸ்கம். அந்தப் பக்கம் நடங்க."

ஜெர்வாசியோ தலையில் அடித்துக்கொண்டு முன்னே ஓடினார். அம்மா மகளின் கையைப் பிடித்துக்கொண்டு பின்னால் நடந்தாள்.

"இறங்கினதுமே கட்டையப் பாத்துட்டேன்டி," என்றாள் மெதுவாக.

"பாத்துட்டு சும்மாவா நின்ன?"

"நீ மறைச்சா, உனக்கு அவ்வளவு வலிக்குதுன்னு அர்த்தம். அப்படின்னா போக வேண்டாம்னு நினைச்சேன். இப்பவும் ஒண்ணும் கெட்டுப்போகல. ஒரு வார்த்தை சொல்லு, வீட்டுக்குப் போயிடலாம்."

நத்தேர்சியா நின்றாள். போகாதே என்று சொல்லிவிடத்தான் நினைத்தாள். பனிக்குள் எங்கிருந்தோ ஜெர்வாசியோ, "ஒடீலியா! ஒடீலியா!" என்று கூப்பிட்டுக்கொண்டிருந்தார். அம்மாவின் கால்கள் தாமாகவே அந்தக் குரலின் பக்கம் திரும்பியதை மகள் பார்த்தாள்.

"பேசாம வாம்மா. கவுன் நனையுது."

கட்டையைத் தாண்டி, கணுக்கால் தண்ணீரில் இருவரையும் நிறுத்தினாள். குரல் இரண்டு முறை உடைந்தது. ஆனாலும் ஒரு சொல்லையும் விழுங்காமல், இந்த மாநிலம் இன்று தனக்குத் தந்த அதிகாரத்தால் அவர்கள் கணவன் மனைவி என்று, ஹாலெட் ஊருக்கே கேட்கும்படி சத்தமாகச் சொல்லி, அம்மாவைக் கட்டிக்கொடுத்தாள்.