பச்சைக் குடைக்காரி

மூக்குக்கண்ணாடிக் கடையின் உள்ளறையில் கணவர் லென்ஸின் விளிம்பைத் தேய்த்துக்கொண்டிருந்தார். மனைவி கல்லாவில் உட்கார்ந்து, கைப்பேசியில் ஒரு பழைய பாட்டுக்கு வந்த பின்னூட்டங்களைத் துருவிக்கொண்டிருந்தாள்.

கல்யாணத்துக்கு முன்பு அவர் பாடி வெளிவந்த ஒரே பாட்டு அது. நாற்பது கேசட் விற்றதோடு படுத்துவிட்டது. 'பச்சைக் குடைக்காரி, என்னை நனையவிடாதே' என்று உருகி உருகிப் பாடியிருந்தார். அவளிடம் பச்சைக் குடை ஒருநாளும் இருந்ததில்லை. இருபத்தாறு வருடமாக அந்த முள் தொண்டையில் நின்றது. போன மாதம் பரணில் கேசட் அகப்பட்டதும், அவருக்குத் தெரியாமல் வேறு பெயரில் இணையத்தில் ஏற்றினாள். 'இந்தக் குடைக்காரி யார்? தெரிந்தவர்கள் சொல்லவும்' என்று கீழே தூண்டிலும் போட்டாள்.

ஒரு மீனுக்குப் போட்ட தூண்டிலில் ஊரே வந்து மாட்டியது. பதினொரு லட்சம் பேர் கேட்டுவிட்டார்கள். அந்த நொண்டித் தாளம் மயக்குகிறதாம். 'அது என் குடைதான்' என்று முந்நூறு பெண்கள் எழுதியிருந்தார்கள். ஒவ்வொருத்தியின் படத்தையும் பெரிதாக்கி வயதைக் கணக்குப் போட்டாள். பாதிப் பேர் அப்போது பிறந்திருக்கவே மாட்டார்கள்.

"இது டொக்கு வேலைதான்," என்றார் கணவர். டொக்கு அவருக்கு அன்று டிரம்ஸ் வாசித்த நண்பர். "கேட்டா, சத்தியமா நான் இல்லடாங்கறான். அவன் முழிக்கறது போன்லயே தெரியுது."

"யார் போட்டா என்ன, நல்லதுதானே நடந்திருக்கு?" என்றாள் முகத்தை மாற்றாமல்.

மறுநாள் பேட்டிக்கு வந்த வானொலிக்காரி நேராக அதையே கேட்டாள்: "யாரு சார் அந்தக் குடைக்காரி?"

மனைவி துடைத்த கண்ணாடியையே மறுபடி துடைத்தாள்.

"ஒருத்தியும் இல்லம்மா. பாட்டு பதிஞ்ச மாடி ரூம் ஒழுகிச்சு. மெஷின் நனையாம டொக்கு ஒரு கையில பச்சைக் குடையப் பிடிச்சுக்கிட்டு, இன்னொரு கையால வாசிச்சான். எனக்கு வரி மறந்துபோச்சு. குடையப் பாத்துப் பாடிட்டேன். நல்லாக் கேளுங்க, சொட்டுற சத்தம்கூட விழுந்திருக்கும்."

வானொலிக்காரி விழுந்து விழுந்து சிரித்தாள். அவள் போனதும் மனைவி பாட்டைப் போட்டுக் கேட்டாள். டொப், டொப். இத்தனை வருடமும் யாரோ ஒருத்தியின் செருப்புச் சத்தம் என்றல்லவா நினைத்திருந்தாள்! பாரம் இறங்கியது. பாவம் மனுஷன்.

"ஏங்க, டொக்கு அண்ணனுக்கு ஏது பச்சைக் குடை?" என்றாள் சும்மா.

"அவன் தங்கச்சியோடது. பாவம், அவ வாசல்ல நனைஞ்சுக்கிட்டே நின்னா."

உள்ளறையில் லென்ஸ் தேய்க்கும் இயந்திரம் மறுபடி ஓடத் தொடங்கியது. அந்தப் 'பாவம்' மட்டும் அவளுக்கு எங்கோ இடித்தது. கைப்பேசியை எடுத்து, முந்நூறு பேரையும் முதலிலிருந்து பார்க்க ஆரம்பித்தாள்.