பத்தரை மணிக் கொலை

அவளிடம் ஐந்து நோட்டுகள். ஐந்துக்கும் ஐந்து இடம், ஐந்து நேரம். இதைக் கேட்டுவிட்டுப் பெரிய ஒழுங்குக்காரி என்று யாரும் நினைத்துவிட வேண்டாம். காலையில் பிள்ளைகள் இருவருக்கும் ஜோடி மாறாமல் காலுறை கிடைத்தாலே அந்த வீட்டில் அது நல்ல நாள். பன்னிரண்டு வயதில் ஒருத்தி, நாலு வயதில் ஒருத்தி, பல் மருத்துவமனையில் வரவேற்பு மேசை வேலை, இதெல்லாம் போதாதென்று முப்பத்தெட்டு வயதில் எழுத்துக் கலைப் படிப்பு வேறு. மூச்சு விட நேரமில்லாதவள், கிடைத்த பத்து நிமிடம், அரை மணி ஒவ்வொன்றையும் பிடித்து உட்கார வைத்து அதன் கையில் ஒரு புத்தகத்தைக் கொடுத்துவிட்டாள். அவ்வளவுதான் விஷயம்.

காலையில் அடுப்பில் ஏதாவது கொதிக்கும்போது அடுக்களை நோட்டு. அதில் எந்தப் பாத்திரத்துக்கும் பொருந்தாத ஒரு மூடியின் கதை, குழந்தைகளுக்கானது. பஸ்ஸில் ஏறி இடம் கிடைத்தால் காதல் கதை. பதினோரு வருடமாக ஒரே பஸ்ஸில் போய்வரும் இருவர். இன்னும் ஒரு வார்த்தை பேசியபாடில்லை. மருத்துவமனையில் பத்தரை மணிக்கு டாக்டர் பத்து நிமிடம் காபி குடிக்கப் போவார். அந்தப் பத்து நிமிடத்தில் மேசை இழுப்பறையிலிருந்து கொலை வெளியே வரும். சனிக்கிழமை சலவைக் கடையில் மெஷின் சுற்றி முடிக்கும்வரை பேய்க் கதை. ஞாயிற்றுக்கிழமை பெரியவளின் நீச்சல் வகுப்பு. குளத்தோர பெஞ்சில் உட்கார்ந்து, கடலுக்கடியில் குடியேறிய மனிதர்களைப் பற்றிய அறிவியல் கதை.

இடத்தை மாற்றினால் எழுத்து வராது. ஒருமுறை பேய் நோட்டை அடுக்களையில் திறந்து பார்த்தாள். நாலே வரியில் பேய் வந்து பாத்திரம் கழுவ ஆரம்பித்துவிட்டது.

படிப்பில் கடைசி வருடத்துக்குப் போவதற்கு முன் ஒரு கண்டம் இருந்தது. எழுதிக்கொண்டிருக்கும் புத்தகத்தின் கையெழுத்துப் பிரதியை எடுத்துப்போய் மூன்று பேர் முன்னால் வாசிக்க வேண்டும். அவர்கள் சரி என்றால் மேலே போகலாம். இல்லையென்றால் இதே வருடத்தை இன்னொரு தடவை படிக்க வேண்டும். அவளுக்கு இன்னொரு தடவை கிடையாது. வகுப்பு நாட்களில் மதியத்தோடு அனுப்ப டாக்டர் ஒப்புக்கொண்டது இன்னும் ஒரே ஒரு வருடத்துக்குத்தான். அதற்குள் முடிக்காவிட்டால் படிப்பு அதோடு சரி.

அவளுடைய ஆசிரியைக்கு வகுப்புப் பிள்ளைகள் வைத்திருந்த பெயர் ஒரே பாதை மேடம். “எழுதறவங்க ஒரே பாதைல போகணும். அஞ்சு பக்கமும் மேஞ்சா எங்கயும் போய்ச் சேர மாட்டீங்க” என்று அவளிடம் மட்டும் ஒன்பது தடவை சொல்லியிருப்பார். ஒவ்வொரு தடவையும் பதில் நாக்கு நுனிவரை வரும். மதிப்பெண் நினைப்பு அதை உள்ளே தள்ளிவிடும். பிறகு படிவம் வந்தது. அதில் ‘வகை’ என்று ஒரு விரல் நீளத்துக்கு ஒரு கட்டம். மேடம் பக்கத்திலேயே நின்றுகொண்டிருந்தார். அவள் ‘துப்பறியும் கதை’ என்று எழுதிக் கொடுத்துவிட்டாள். வீட்டில் ஐந்து பிள்ளைகளை வைத்துக்கொண்டு ஒன்றுதான் என்று எழுதிக் கொடுத்ததுபோல் அன்றைக்கு முழுக்க உறுத்தியது.

புதன்கிழமை பதினொரு மணிக்கு அவள் முறை. முதலில் மருத்துவமனைக்குப் போய் இழுப்பறையிலிருந்து நோட்டை எடுத்துக்கொண்டு, அங்கிருந்து கல்லூரிக்குப் போவதாகத் திட்டம். காலை ஆறே முக்காலுக்குப் போனில் செய்தி வந்தது. பதினொன்று இல்லை, எட்டு.

அவளுக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. சின்னவள் ஒற்றைக் காலுறையோடு வந்து நின்று, “அம்மா, மூடிக்குப் பாத்திரம் கெடச்சுதா?” என்றாள்.

“சாயங்காலம் கெடைக்கும்டி.”

அவள் கணவன் லிஃப்ட் மெக்கானிக். ஊரில் உள்ள லிஃப்டெல்லாம் அவன் தயவில் ஓடுகிறது. அவர்கள் கட்டடத்து லிஃப்ட் மட்டும் பத்து நாளாகப் படுத்துக் கிடக்கிறது. “நீ கெளம்பு, இதுங்கள நான் பாத்துக்கறேன். நோட்டு எடுத்துக்கிட்டியா?” என்று கேட்டான்.

“எடுத்துட்டேங்க” என்று கத்திக்கொண்டே ஐந்து மாடியையும் இறங்கினாள். பஸ்ஸில் உட்கார இடம் கிடைத்தும் காதல் கதையைத் திறக்கவில்லை. பேச வேண்டியதை மனசுக்குள் ஒத்திகை பார்த்துக்கொண்டே போனாள்.

கல்லூரியில் நீள மேசைக்குப் பின்னால் மூன்று பேர். நடுவில் துறைத் தலைவர், கைக்கடிகாரத்தைக் கழற்றி எதிரில் வைத்திருந்தார். இடப்பக்கம் ஒரே பாதை மேடம். வலப்பக்கம் வெளியிலிருந்து வந்த பதிப்பாளர் அம்மா, கண்ணாடியைத் தலையில் ஏற்றிக்கொண்டு பென்சிலைச் சீவிக்கொண்டிருந்தார்.

“வாசிங்க” என்றார் தலைவர்.

அவள் பையிலிருந்து நோட்டை எடுத்துத் திறந்தாள். ‘மூடிக்குக் கோபம் வந்தது’ என்று இருந்தது. ஓரத்தில் எண்ணெய்க் கறை. அவசரத்தில் மருத்துவமனை இழுப்பறையின் நினைப்பே அவளுக்கு வரவில்லை. காலை ஏழு மணிக்கு அவள் கை எந்த நோட்டை எடுக்குமோ அதை எடுத்துப் பையில் போட்டிருக்கிறது. இத்தனை வருடப் பழக்கம் கையை விட்டு எங்கே போகும்?

“சார், நோட்டு மாறிப்போச்சு. கொலை க்ளினிக்ல இருக்கு.”

மூன்று தலையும் நிமிர்ந்தன.

“இது அடுக்களை நோட்டு” என்றாள். 

“மொத்தம் எத்தனை நோட்டும்மா இருக்கு?” என்று பதிப்பாளர் அம்மா கேட்டார்.

“அஞ்சு” என்றார் ஒரே பாதை மேடம், அவளுக்கு முந்திக்கொண்டு. “நானும் படிச்சுப் படிச்சுச் சொன்னேன். கேட்டாத்தானே.”

தலைவர் கடிகாரத்தைப் பார்த்தார். “பிரதி இல்லாம வாசிக்கறது எப்படிம்மா? அடுத்த ஆளக் கூப்பிடலாமா?”

கெஞ்சலாம் என்று தோன்றியது. பிள்ளைகளைச் சொல்லலாம், வேலையைச் சொல்லலாம். கேட்பவர்கள் மனசு இளகும். அப்போதுதான் அவளுக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. வகுப்பில் நாள் முழுவதையும் கையில் வைத்திருக்கும் பிள்ளைகள் ஒரு புத்தகத்தையே பாதியில் நிறுத்திவிட்டு மோட்டுவளையைப் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். அவள் இரண்டை முடித்துவிட்டாள். மற்ற மூன்றும் கடைசி அத்தியாயத்தில் நிற்கின்றன. இதற்கு எதற்காகத் தலையைக் குனிய வேண்டும்?

“நோட்டு அங்க இருந்தா என்ன சார், எழுதினவ இங்கதானே இருக்கேன். சொல்றேன், கேளுங்க.”

எந்த நோட்டும் பத்து நிமிடம், அரை மணிதான் அவள் கையில் இருக்கும். மிச்ச நேரமெல்லாம் அடுத்த வரியை வாய்க்குள்ளேயே வைத்திருக்க வேண்டும். பாத்திரம் தேய்க்கும்போது சொல்லிப் பார்ப்பாள், படி ஏறும்போது சொல்லிப் பார்ப்பாள், சின்னவளுக்குத் தலை வாரும்போதும் உதடு அசையும். அதனால் ஐந்து புத்தகமும் அவளுக்குத் தலைகீழ்ப் பாடம்.

ஆரம்பித்தாள். “பல் பிடுங்க வந்தவர் நாற்காலியிலேயே செத்துக் கிடந்தார். டாக்டர் பழக்கத்தில் அவர் வாயைத் திறந்து பல்லை எண்ணினார். முப்பத்து மூன்று இருந்தது. திரும்பவும் எண்ணினார். அந்த ஒன்று அவருடையது இல்லை.”

பதிப்பாளர் அம்மாவின் பென்சில் அப்படியே நின்றது. அவள் மூன்று அத்தியாயத்தை எழுத்துப் பிசகாமல் சொன்னாள்.

“மத்த நாலு என்ன கதைம்மா?” என்றார் அந்த அம்மா. சலவைக் கடையில் நாலு சட்டை போட்டால் ஐந்து சட்டை வெளியே வரும் மெஷினைச் சொன்னாள். பஸ்ஸைச் சொன்னாள். கடலுக்கடியில் முதன்முதலாக மழையைப் பற்றிப் பாடம் எடுக்கும் டீச்சரைச் சொன்னாள். மூடியின் கதையை மட்டும் நோட்டைப் பார்த்தே வாசித்தாள், கையில் இருக்கிறதே என்று. தலைவர் கடிகாரத்தை மறந்துபோய் ரொம்ப நேரமாகியிருந்தது.

எட்டு ஐம்பது. அவள் எழுந்துகொண்டாள். “பஸ்ஸப் பிடிக்கணும் சார். அப்புறம் ஒண்ணு, அந்தப் படிவத்துல வகைன்னு நான் எழுதினது பொய். பயந்துபோய் எழுதினேன். அஞ்சும் என்னோடதுதான். ஒண்ண மட்டும் வச்சுக்கிட்டு மிச்சத்தை விடச் சொன்னா என்னால முடியாது. பாஸ் போடலைன்னாலும் பரவால்ல.”

 அவள் கதவுவரை போனதும் ஒரே பாதை மேடம் கேட்டார். “அந்த முப்பத்து மூணாவது பல் யாரோடது?”

“தெரியாது மேடம். கடைசி அத்தியாயம் எழுதணும். பத்தரைக்குத்தான் தெரியும்.”

 பஸ்ஸில் இரண்டு நிறுத்தம்வரை, இப்படியா வாய்க்கொழுப்பு என்று தன்னையே திட்டிக்கொண்டாள். மூன்றாவது நிறுத்தத்தில், சொன்னேனே, அவர்கள் முகத்துக்கு நேராகச் சொன்னேனே என்று நினைத்தாள். முதுகு தானாக நிமிர்ந்தது. பக்கத்தில் இருந்தவர் கொஞ்சம் நகர்ந்து உட்கார்ந்தார்.

பத்தரைக்கு டாக்டர் காபிக்குப் போனார். இழுப்பறையைத் திறந்தாள். பத்து நிமிடத்தில் இரண்டரைப் பக்கம். கொலைகாரர் யார், அந்தப் பல் யாருடையது என்று தெரிந்தபோது, அட இவரா என்று அவளுக்கே ஆச்சரியமாக இருந்தது. நோட்டை மூடி உள்ளே வைத்தாள். பதினொன்றுக்கு மேசைப் போன் அடித்தது.

“பல் மருத்துவமனை, வணக்கம்.”

“நான்தான். தெரிஞ்சுதா, யாருன்னு?” ஒரே பாதை மேடத்தின் குரல்.

“தெரிஞ்சுது மேடம்.” அவள் போனை இன்னொரு காதுக்கு மாற்றினாள். “எனக்குத்தான் ஒண்ணும் தெரியல. முடிவு என்ன மேடம்?”

“அதை சாயங்காலம் தலைவர் சொல்லுவார்.” மேடம் குரலைத் தாழ்த்திக்கொண்டார். “சரி, சொல்லிடறேன். மூணு பேரும் கையெழுத்துப் போட்டாச்சு. வகைன்ற கட்டத்துல அஞ்சையும் நானே எழுதினேன். எடம் பத்தல. ஓரத்துல ஏத்தி எழுதவேண்டியதாப் போச்சு.”

அவளுக்குக் கண் நிறைந்தது. கன்னம் வீங்கி எதிரே உட்கார்ந்திருந்த பெரியவர், தனக்காகத்தான் இந்தப் பெண் அழுகிறாள் என்று நினைத்து ஆறுதலாகத் தலையசைத்தார். பெருமை இப்படித்தான் இருக்குமா என்று அவளுக்குத் தெரியாது. கத்தி ஊரைக் கூப்பிட வேண்டும்போல் இருந்தது.

“இப்பவாவது சொல்லுங்க. யாரோட பல் அது?”

அவள் புறங்கையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு, முன்பதிவுப் புத்தகத்தை இழுத்துத் திறந்தாள்.

“இப்ப நாலு பேர் காத்துட்டிருக்காங்க மேடம். நாளைக்குப் பத்தரைக்கு வந்தா பேசலாம். போட்டுக்கட்டுமா?”

 “போடுங்க” என்றார் மேடம்.

வியாழன், பத்தரை என்ற வரியில் அவள் தெளிவாக எழுதினாள்: ஒரே பாதை மேடம். வருகைக்கான காரணம் என்ற கட்டத்தில், பல் என்று போட்டாள்.