இருநூற்றுப் பத்து கிலோமீட்டர் வேகத்தில் ஒரு ரயில்

சபீனா அறிவியல் நடத்தும் பெண்கள் பள்ளி, பட்டாபிராமில் ரயில் பாதையை ஒட்டி இருக்கிறது. வண்டி ஹாரன் அடித்துக்கொண்டு போகும்போதெல்லாம் பேச்சை நிறுத்திவிட்டுச் சாக்பீஸைக் கையில் பிடித்தபடி நிற்க வேண்டும். அது பழகிவிட்டது. மடிக்கணினி விவகாரம்தான் அவளுக்குப் பழகவே இல்லை.

ஓர் அறக்கட்டளை ஆறு மடிக்கணினிகளைக் கொடுத்திருந்தது. மலிவு விலை, பச்சை மூடி, விளையாட்டுச் சாமான் மாதிரி எடை. வாங்கிய அன்று எல்லோரும் நின்று படம் எடுத்துக்கொண்டார்கள். மறுநாள் தலைமையாசிரியர் கார்த்திகேசன் அவற்றைத் தன் அறை பீரோவில் வைத்துப் பூட்டிவிட்டார். திரைமேல் ஒட்டியிருந்த பிளாஸ்டிக் தாளை உரிக்கக்கூட விடவில்லை.

"ஒலியியல் பாடத்துக்கு வேணும் சார்."

"உடைஞ்சா யாரும்மா பதில் சொல்றது? அதிகாரிங்க ஆய்வுக்கு வரும்போது காட்டணும் இல்ல?"

"ஆய்வுக்கு வர்றவங்களா சார் பரீட்சை எழுதப் போறாங்க?"

அவர் மின்விசிறியைப் பார்த்தார். கேட்டுக் கேட்டு அரையாண்டுத் தேர்வு நெருங்கிய பிறகுதான் பீரோ திறந்தது.

முதல் வகுப்பு வீணாய்ப் போனது. பத்தாம் வகுப்பில் ஒரே ஒரு பிளக் பாயிண்ட். சபீனா வீட்டிலிருந்து கொண்டுவந்த எக்ஸ்டென்ஷன் பாக்ஸை அதில் மாட்டினால், காலால் மிதித்துக்கொண்டிருந்தால்தான் கரண்ட் வந்தது. ஒரு கணினி யாருக்கும் தெரியாத பாஸ்வேர்டைக் கேட்டது. இன்னொன்று 'அப்டேட் ஆகிறது, அணைக்க வேண்டாம்' என்று சொல்லிவிட்டு மணி அடிக்கும்வரை சுற்றிக்கொண்டே இருந்தது. மூன்றாவதில் ரேஷ்மா கேமராவைத் திறந்து ரிப்பனைச் சரிசெய்துகொண்டிருந்தாள். "அது கண்ணாடி இல்லடி" என்று சபீனா கணினியைத் தன் பக்கம் திருப்பி வைத்தாள்.

அடுத்த வகுப்பில் வழக்கம்போல ஓர் எக்ஸ்பிரஸ் ஹாரன் அடித்தது. சபீனா வழக்கம்போல நின்றாள். சேக்காட்டிலிருந்து வரும் எழிலரசி கையைத் தூக்கினாள்.

"மிஸ், ஹாரன் இதுல ஏறிடுச்சு. கோடு பாருங்க."

ஒலிப்பதிவு மென்பொருளைத் திறந்து வைத்திருந்தாள். திரையில் ஒரு கோடு நேராகப் போய், வண்டி கடந்த இடத்தில் சட்டென்று கீழே இறங்கியிருந்தது. டாப்ளர் விளைவு: சத்தம் போடுவது நெருங்கி வரும்போது சுருதி ஏறிக் கேட்கும், விலகிப் போகும்போது இறங்கிக் கேட்கும். இத்தனை வருஷமாகக் கரும்பலகையில் ஆம்புலன்ஸ் படம் போட்டு நடத்தியதை ஜன்னலுக்கு வெளியே ரயில் தினமும் செய்துகாட்டிக்கொண்டிருந்திருக்கிறது. அவள்தான் அது முடியட்டும் என்று காத்துக்கொண்டு நின்றிருக்கிறாள்.

மறுநாள் யாரையும் கேட்காமல் பிள்ளைகளை மொட்டைமாடிக்கு அழைத்துப்போனாள். ஆறில் மூன்றில்தான் சார்ஜ் இருந்தது. வெயிலில் திரை தெரியவில்லை. பிள்ளைகள் துப்பட்டாவைக் கூடாரம் மாதிரி போர்த்திக்கொண்டு உள்ளே குனிந்தார்கள். முதலில் வந்த எக்ஸ்பிரஸ் ஹாரனே அடிக்கவில்லை. அடுத்தது அடித்தது, ஆனால் ஒருத்தியும் பதிவுப் பொத்தானை அழுத்தியிருக்கவில்லை. மூன்றாவது வண்டியின்போது ஒரு கணினி அணைந்துபோனது, இன்னொன்றில் ரேஷ்மாவின் "வருது வருது" மட்டும் தெளிவாகப் பதிந்தது. எழிலரசியின் கணினியில் மட்டும் ஹாரன் சுத்தமாக விழுந்திருந்தது. இறங்கி வரும்போது படியில் மோதி அதன் மூடி விரிசல் விட்டது.

கோடு எவ்வளவு இறங்கியது என்பதை வைத்து, வகுப்பில் உட்கார்ந்து ரயிலின் வேகத்தைக் கணக்குப் போட்டார்கள். மணிக்கு இருநூற்றுப் பத்து கிலோமீட்டர் என்று வந்தது.

"பட்டாபிராம்ல புல்லட் ட்ரெயினா மிஸ்?" என்றாள் ரேஷ்மா. வகுப்பே சிரித்தது.

சபீனா மறுபடி போட்டாள். அதே விடை. சூத்திரம் சரி, பெருக்கல் சரி. "இந்த மைக்கை நம்பினேன் பாரு, என்னைச் சொல்லணும்" என்று மூடியைச் சாத்தப்போனாள்.

"மிஸ், மூடாதீங்க." எழிலரசி திரையை விரலால் தொட்டாள். "ஹாரன்ல ரெண்டு சத்தம் கீது. ஒண்ணு கீச்சு, ஒண்ணு தடி. வர்றப்ப கீச்சை எடுத்துகினோம், போறப்ப தடியை எடுத்துகினோம்."

உண்மைதான். ஒன்றன்கீழ் ஒன்றாக இரண்டு கோடுகள் இருந்தன. சபீனா அவசரத்தில் மேல்கோட்டில் ஆரம்பித்துக் கீழ்க்கோட்டில் முடித்திருந்தாள். கீச்சுக் கோட்டை மட்டும் வைத்துப் போட்டதும் வேகம் நூறுக்குக் கொஞ்சம் குறைவாக வந்தது. யாரும் சிரிக்கவில்லை. ரேஷ்மா மட்டும் மறுபடி ஒருமுறை தானே போட்டுப் பார்த்தாள்.

அந்த நேரம் பார்த்துக் கார்த்திகேசன் உள்ளே வந்தார். அவர் கண்ணில் முதலில் பட்டது விரிசல்தான்.

"மாடிக்கு யாரைக் கேட்டும்மா போனீங்க? எல்லாத்தையும் கொடுங்க."

"அஞ்சை எடுத்துக்குங்க சார். இது என்கிட்ட இருக்கட்டும். உடைஞ்சதை ஆய்வுல காட்டவா போறீங்க?"

அவர் ஐந்தை எடுத்துக்கொண்டு போனார். அதற்கப்புறம் வராந்தாவில் எதிரே வந்தாலும் அவளிடம் பேசவில்லை.

பொங்கல் கழித்து ஆய்வு அதிகாரி வந்தார். பீரோவிலிருந்து வந்த ஐந்து கணினிகளும் பளபளவென்று இருந்தன. ஒன்றுகூட உயிர்பெறவில்லை, சும்மா கிடந்து பேட்டரி முழுக்க இறங்கியிருந்தது. கார்த்திகேசன் வேர்த்த முகத்தோடு பத்தாம் வகுப்பு வாசலில் வந்து நின்றார்.

"டீச்சர், அந்த உடைஞ்சது ஓடுதா?"

ஓடியது. எழிலரசி இரண்டு கோடுகளையும் காட்டி விளக்கினாள். இடையிடையே ரேஷ்மா குறுக்கிட்டுப் புல்லட் ட்ரெயின் கதையையும் சொல்லிவிட்டாள். அதிகாரி நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு கேட்டார்.

மாலையில் கார்த்திகேசன் பீரோ சாவியை அவள் மேஜைமேல் வைத்தார். "சார்ஜ் மட்டும் போட்டு வைங்க. ஜாக்கிரதை."

சபீனா ஐந்தையும் வகுப்புக்குத் தூக்கிவந்து, எக்ஸ்டென்ஷன் பாக்ஸை மிதித்தபடி ஒவ்வொன்றாக மாட்டினாள். இரண்டு எவ்வளவு நேரமானாலும் ஏறவில்லை. "கொடுத்ததே லேட்டு, இதுல இது வேற" என்று முணுமுணுத்துக்கொண்டு, ஓடுகிற மூன்றின் திரைமேல் இருந்த பிளாஸ்டிக் தாளை நகத்தால் கிளப்பி உரித்துப் போட்டாள்.